மூக்கில் ஏறிய ‘கிளாஸ்’: ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்

நாகர்கோவிலில் கண் பரிசோதனை முடித்து வருகிறவரின் கையில் உள்ள சீட்டில் ‘கிளாஸ்’ என்று எழுதியிருக்கும். அவர் போகும் கடையின் போர்டில் ‘ஆப்டிகல்ஸ்’. கடைக்காரர் கொடுக்கும் ரசீதில் ‘ஸ்பெக்டகிள்ஸ்’. வாங்கியவர் வீட்டில் போய்ச் சொல்வது ‘கண்ணாடி’. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி கடற்கரைக்குப் போனால், அட்டையில் வரிசையாகக் குத்திவைத்து விற்கிறவர் ‘கூலிங் கிளாஸ்’ என்று வழிமறிப்பார். இத்தனை பெயரும் ஒரே சாமானுக்கா?

2025 செப்டம்பர் 22 முதல் பார்வையைத் திருத்தும் கண்ணாடிகளுக்குச் சரக்கு சேவை வரி 5 சதவீதமாக ஆனபோது, இந்தக் கேள்வி பணக் கேள்வியாகவும் ஆனது. எந்தக் கண்ணாடிக்கு 5 சதவீதம், எதற்கு இல்லை என்பதைத் தீர்மானிப்பது பட்டியலில் உள்ள சொற்கள்தான்.

குழப்பம் அதற்கும் முன்பே நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய்ச் செலவு. செய்திகளில் அது ஒரு நாள் ‘கண்ணாடிப் பாலம்’, மறுநாள் ‘கண்ணாடி இழைப் பாலம்’. இரண்டும் ஒன்றல்ல. கண்ணாடி இழை என்றால் ஃபைபர். குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறி நிற்கும் ஃபைபர் வள்ளங்களைச் செய்கிற சரக்கு. பாலத்தில் நடக்கும்போது காலுக்குக் கீழே கடல் தெரிவது இழையால் அல்ல, நடுவே பதித்த கண்ணாடித் தளத்தால்.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் ‘கிளாஸ்’ என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

‘கிளாஸ்’: மின்னுவதில் பிறந்த சொல்

‘கிளாஸ்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த ஜெர்மானியச் சொல். அதன் வேருக்கு ‘ஒளிர்தல், மின்னுதல்’ என்று பொருள் என மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். தங்கத்தைக் குறிக்கும் ‘கோல்ட்’, மஞ்சளைக் குறிக்கும் ‘யெல்லோ’, ஒளிர்வதைக் குறிக்கும் ‘க்ளோ’ ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. பொருள்கள் வந்து சேர்ந்த விதம் ஏறத்தாழ இப்படி:

1. முதலில் சரக்கு. மணலை உருக்கிச் செய்யும், மின்னும், உடையும் பொருள்.
2. அந்தச் சரக்கில் செய்த குடிக்கும் பாத்திரம்.
3. முகம் பார்க்கும் கண்ணாடி.
4. கப்பல்களில் நேரம் அளந்த மணற்கடிகை, தூரம் பார்த்த குழாய், காற்றழுத்தம் காட்டிய கருவி. பழைய மாலுமி ‘கிளாஸ் இறங்குகிறது’ என்று சொன்னால் காற்றழுத்தம் குறைகிறது, புயல் வரப்போகிறது என்று அர்த்தம்.
5. கண்ணுக்கு முன் வைக்கும் வில்லை. இரண்டு வில்லை சேர்ந்த சாமானை ‘கிளாஸஸ்’ என்று பன்மையில் சொல்வது 17ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வருகிறது.

ஆக, கண்ணுக்குப் போடுவது கடைசியாக வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று. நமக்கோ முதலில் வந்தது டீக்கடை கிளாஸ். தமிழில் அந்தச் சொல் சரக்கை உதறிவிட்டுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால்தான் ‘எவர்சில்வர் கிளாஸ்’ என்று கூசாமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், எஃகில் செய்த கண்ணாடியா என்று கேட்பவர் முழிப்பார்.

இன்னொரு சிக்கல் நம் எழுத்தால் வருவது. க-வுக்கு இரண்டு ஒலி, எழுத்து ஒன்று. அதனால் பள்ளிக்கூட வகுப்பும் டீ குடிக்கும் பாத்திரமும் கண்ணில் போடுவதும் எழுத்தில் ஒன்றே: கிளாஸ். ‘டியூஷன் கிளாஸ்’, ‘டீ கிளாஸ்’, ‘கூலிங் கிளாஸ்’. இவற்றைப் பிரித்துக் காட்டுவது முன்னால் ஒட்டிக்கொள்ளும் சொல்தான்.

ஒன்றுக்கு ஏன் பன்மை?

ஆங்கிலத்தில் மூக்குக்கண்ணாடி எப்போதும் பன்மை. ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் ‘ஒரு ஜோடி கிளாஸஸ்’. கத்தரிக்கோலும் காற்சட்டையும் அந்த மொழியில் இப்படித்தான்: இரண்டு பாதி சேர்ந்த சாமான் பன்மை.

இதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி இத்தாலியில் 1286 வாக்கில் உருவானது. 1306 பிப்ரவரியில் பிளாரன்சில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். அதற்கு முன் இருந்தது எழுத்தின்மேல் வைத்து நகர்த்தும் ஒற்றைப் படிகக் கல். பிடியுள்ள இரண்டு வட்டங்களை ஆணியால் இணைத்து மூக்கில் நிற்க வைத்ததுதான் புதுமை. காதுக்குப் போகும் கம்பி வர மேலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1720களின் லண்டனில்தான் அது கடைக்கு வந்தது. அதுவரை மூக்கு மட்டுமே தாங்கியது. அந்த வகையில் ‘மூக்குக்கண்ணாடி’ மிகச் சரியான பெயர்.

பன்மைக் குறி ஒன்று விழுந்தால் பொருளே மாறும். ‘ரீடிங் கிளாஸ்’ என்று ஒருமையில் எழுதினால் ஆங்கிலத்தில் அது கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. ‘ரீடிங் கிளாஸஸ்’ என்றால்தான் நாற்பது வயதுக்கு மேல் பேப்பர் படிக்கப் போடுவது. இணையத்தில் வாங்குகிறவர்கள் படத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ‘கண்ணாடி’க்கு முதலில் கண்ணாடியே தேவையில்லை

ஆங்கிலச் சொல் சரக்கிலிருந்து கண்ணுக்குப் போனது. தமிழ்ச் சொல் நடந்தது எதிர்த்திசையில். கண் + ஆடி. ‘ஆடி’ என்றால் முகம் பார்ப்பது. குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார், முன்னால் நிற்பவர் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் ‘ஆடிப்பாவை’யை உவமையாக வைக்கிறார். பிம்பம் காட்டுவதே ஆடி; எதனால் செய்தது என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இதற்கு உயிருள்ள சான்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடி முழுக்க முழுக்க உலோகம். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அதில் சில்லுக் கண்ணாடி துளியும் இல்லை. ஆனாலும் அது கண்ணாடிதான். சாமித்தோப்பு தலைமைப்பதியிலும் மாவட்டம் முழுக்க உள்ள நிழல்தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களிலும் அய்யாவழி மக்கள் கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள். அங்கும் அந்தச் சொல் சுட்டுவது பிம்பத்தை, சரக்கை அல்ல.

சில்லுக் கண்ணாடி பரவியபோது அதன் பெயராகவும் அதே சொல் ஆனது. மூக்குக்கு வந்தபோதும் வேறு பெயர் தேடவில்லை. இப்போது ‘கண்ணாடி உடைஞ்சு போச்சு’ என்றால் ஜன்னலா, முகம் பார்ப்பதா, மூக்கில் இருப்பதா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘கண்ணாடிக் கடை எங்கே?’ என்று வழி கேட்டால், ஜன்னல் சில்லு வெட்டிக் கொடுக்கும் கடைக்கும் அனுப்பிவைப்பார்கள்.

மலையாளம் இதில் கொஞ்சம் சாமர்த்தியம். முகம் பார்ப்பதற்குக் ‘கண்ணாடி’யை விட்டுவிட்டு, மூக்குக்குக் ‘கண்ணட’ என்று தனிச் சொல் வைத்துக்கொண்டது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் என்பதால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் இரண்டு சொல்லும் காதில் விழும். தோவாளைப் பக்கம் கண்ணாடியைப் ‘போடு’வார்கள், மலையாளத்தில் கண்ணட ‘வைப்பது’. கன்னடமும் இதே வழி: முகம் பார்ப்பது கன்னடி, மூக்கில் வைப்பது கன்னடக.

கண் மங்குவதற்கான சொல்லிலும் நாம் மலையாளத்தோடு பங்காளிதான். நாற்பதுக்குப் பிறகு கிட்டத்து எழுத்து மங்குவதை இரண்டு மொழியும் ‘வெள்ளெழுத்து’ என்கின்றன. கறுப்பு எழுத்து வெளிறித் தெரிவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ‘சாளேஸ்வரம்’ என்ற இன்னொரு சொல்லைக் கேட்டு ஏதோ கோயில் ஊர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ தமிழுக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்ட வடிவம்.

‘ஸ்பெக்டகிள்’: காட்சியும் கருவியும்

இலத்தீனில் ‘பார்த்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது ‘ஸ்பெக்டாகுலும்’. ஊர் கூடிப் பார்க்கும் காட்சி என்று பொருள். ரோமில் அது வீரர்கள் மோதும் அரங்கக் காட்சி. நீரோ மன்னன் அந்த மோதல்களை மரகதக் கல்லின் துணையோடு பார்த்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கல் வழியாகப் பார்த்தானா, அதில் விழுந்த பிம்பத்தைப் பார்த்தானா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள்.

ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் ‘காட்சி’தான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சொல்லின் பன்மை, பார்க்க உதவும் கருவியின் பெயராகவும் ஆனது. இன்றும் இரண்டு பொருளும் அருகருகே வாழ்கின்றன. கன்னியாகுமரி சூரியோதயத்தை வர்ணிக்கும் ஆங்கிலச் சுற்றுலாக் கையேட்டில் ‘ஸ்பெக்டகிள்’ வரும். அதைப் படிக்கப் போடும் கண்ணாடியின் ரசீதிலும் அதே சொல் வரும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு கொசுறு. இரண்டு இன்னிங்சிலும் பூஜ்யத்தில் ஆட்டமிழந்தால் ‘பேர்’ என்கிறார்கள் அல்லவா? அது ‘ஒரு ஜோடி ஸ்பெக்டகிள்’ என்பதன் சுருக்கம். இரண்டு பூஜ்யத்தைப் பக்கத்தில் எழுதினால் மூக்குக்கண்ணாடி போலவே இருக்கும்.

‘காகிள்ஸ்’, ‘கூலிங் கிளாஸ்’: நாம் மாற்றிய பொருளும் நாம் கட்டிய சொல்லும்

‘காகிள்’ என்பது முதலில் கருவியே அல்ல, ஒரு செயல். கண்ணை உருட்டி விழிப்பது. கண் பிதுங்கியவரை ‘காகிள்’ கண்ணர் என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் அது கண்ணை மூடிக் காக்கும் கவசத்தின் பெயரானது. இன்றும் ஆங்கிலேயருக்கு அது நீச்சலுக்கோ வெல்டிங்குக்கோ போடுவது. முகத்தோடு ஒட்டி, பக்கவாட்டிலும் மூடியிருப்பது. இந்தியாவில், குறிப்பாக வடக்கே, அது வெயில் கண்ணாடி. அவரவர் ஊரில் அவரவர் சரி. வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் ‘காகிள்ஸ்’ என்று தேடினால் மட்டும் நீச்சல் கண்ணாடி வந்து நிற்கும்.

‘கூலிங் கிளாஸ்’ தென்னிந்தியாவின் சொந்தத் தயாரிப்பு. தமிழும் மலையாளமும் அதைச் சரளமாகப் புழங்குகின்றன. லண்டனில் சொன்னால் புரியாது. ஆனால் பொருத்தமான சொல் என்றே தோன்றுகிறது. மற்றப் பெயர்கள் சாமானைச் சொல்கின்றன, இது அனுபவத்தைச் சொல்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில் நின்று போட்டுப் பார்த்தவருக்கு ‘கூலிங்’ என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஏமாற்றமும் அந்த இதத்தில்தான் இருக்கிறது. கறுப்பு வேறு, காப்பு வேறு. கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரிகிறது. அந்த வில்லை புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த கண்ணுக்குள் கூடுதலாகவே கதிர் போகும். ‘யூ.வி. 400’ என்ற குறி, 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்பதற்கானது. ‘போலரைஸ்டு’ என்பது வேறு சங்கதி: நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டுவது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் உதவும். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 ஜனவரி 15 அன்று வளையச் சூரிய கிரகணம் நம் மாவட்டத்தின்மேல் கடந்தபோது ‘கூலிங் கிளாஸ் போதுமா?’ என்ற கேள்வி எழுந்தது. போதாது. கிரகணத்துக்கான தனி வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்க எந்தக் கூலிங் கிளாசும் காப்பல்ல.

ஜெர்மன்காரர் மூக்கில் கொங்கு நாட்டுக் கல்

மற்ற மொழிகள் என்ன செய்தன? பிரெஞ்சில் ‘லுனெத்’, குட்டி நிலா. இந்தியின் ‘சஷ்மா’ பாரசீகத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கில் ‘கள்ளஜோடு’, கண்களுக்கான ஜோடி. எனக்குப் பிடித்தது ஜெர்மன் சொல்தான்: ‘பிரில்லே’. அதன் பயணம்:

1. கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பக்கம் கிடைப்பது பெரில் என்னும் நீலப்பச்சைக் கல். கொடுமணல் அகழாய்வில் அந்தக் கல்லில் மணி செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன.
2. பாலியில் ‘வேளுரிய’, சமஸ்கிருதத்தில் ‘வைடூரியம்’. வேர் திராவிடமாக இருக்கலாம், வேளூர் அல்லது பேலூர் என்ற ஊர்ப்பெயராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.
3. வணிகரோடு மேற்கே போய்க் கிரேக்கத்தில் ‘பெரில்லோஸ்’, இலத்தீனில் ‘பெரில்லுஸ்’. இந்தக் கல் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று பிளினியே எழுதுகிறார்.
4. இடைக்கால ஐரோப்பாவில் தெளிந்த படிகம் எதையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். படிகத்தைத் தேய்த்துப் படிப்புக்கல் செய்தார்கள். அங்கிருந்து ‘பிரில்லே’.

இங்கே நகைக்கடையில் ‘வைடூரியம்’ என்று கேட்டால் இன்று பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். பெயர் ஒரு பக்கமும் கல் இன்னொரு பக்கமும் போய்விட்டன.

கண்ணாடியில் கண்ணாடி இல்லாமல் போன கதை

‘லென்ஸ்’ என்பது இலத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர். முழுப் பருப்பைப் பக்கவாட்டில் பாருங்கள்: நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, அப்படியே குவிலென்ஸ். அந்த உருவம்தான் பெயர் கொடுத்தது.

பருப்பு உருவம் நிலைத்தது, சரக்கு மாறிவிட்டது. 1940களில் சி.ஆர். 39 என்ற பிளாஸ்டிக் பிசின் வந்தது. எடை கண்ணாடி வில்லையில் ஏறத்தாழ பாதி; விழுந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்காது. பிறகு பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். ஆங்கிலம் ‘கிளாஸஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. நாமும் ‘கண்ணாடி’யை விடவில்லை. பிம்பமும் காட்டாத, சில்லும் அல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இரண்டு மொழியும் பழைய பெயரையே வைத்துக் கும்பிடுகின்றன.

உண்மையான கண்ணாடி வில்லைக்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். அவர் தேடியது கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்ட தோரியம். அதே மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் இருக்கின்றன. சீரியம் ஆக்சைடு கண்ணாடி வில்லையை மெருகேற்றும் பொடி. லாந்தனம் கேமரா லென்ஸ்களில் சேர்வது. கண்ணாடி உலைத் தொழிலாளரின் கண்ணைக் காக்க 1913 வாக்கில் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் உருவாக்கிய வில்லையிலும் சீரியம் கலந்திருந்தது. அதே மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து டைட்டானியம் எடுக்கலாம். கடையில் விலை கூடிய ஃபிரேம் அந்த உலோகம்தான். (மணல் எடுப்பதைச் சுற்றிய வழக்கும் எதிர்ப்பும் தனிக் கட்டுரைக்கு உரியவை.)

சரி, ரசீதில் என்ன பார்ப்பது?

1. சீட்டில் ‘கிளாஸ்’ என்று இருந்தால் சரக்கைச் சொல்லவில்லை, வில்லையின் பவரைச் சொல்கிறது. பவரின் அலகு டயாப்டர். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் குவியத் தூரம் மீட்டரில் கிடைக்கும்: 2 டயாப்டர் என்றால் 50 சென்டிமீட்டர். கழித்தல் குறி தூரப் பார்வைக் குறைவுக்கு. வெள்ளெழுத்துக்குக் கூட்டல் குறி.

2. ‘கிளாஸா, ஃபைபரா?’ என்று கடைக்காரர் கேட்பார். பிளாஸ்டிக் வில்லைக்குக் கடைமொழியில் பெயர் ஃபைபர். வள்ளத்தின் ஃபைபரும் இதுவும் வேறு வேறு. வில்லையில் இழையே கிடையாது. எந்தப் பிளாஸ்டிக், யூ.வி. தடுப்பு உண்டா, கீறல் தாங்கும் பூச்சு உண்டா என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

3. வரிக்கு முக்கியம் ‘திருத்தும்’ என்ற சொல். உலகப் பொதுச் சரக்குப் பட்டியலில் 9004ஆம் தலைப்பு ஸ்பெக்டகிளையும் காகிள்சையும் ஒன்றாகவே வைத்து, ‘திருத்துவன, காப்பன, மற்றவை’ என்று பயனை வைத்துத்தான் பிரிக்கிறது. 5 சதவீதம் ‘பார்வையைத் திருத்தும் ஸ்பெக்டகிளுக்கும் காகிள்சுக்கும்’. வெயிலுக்கு மட்டும் போடும் கூலிங் கிளாஸ் அதற்குள் வராது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும்.

4. பவர் போட்ட கூலிங் கிளாஸ் வாங்குகிறவர்கள், ரசீதில் வெறும் ‘சன்கிளாஸ்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். கறுப்பாக இருப்பதால் அது திருத்தும் கண்ணாடி அல்ல என்று ஆகிவிடாது. கையில் இருக்கும் மருத்துவச் சீட்டின் எண்ணையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள்.